க்யூடி 6-ஐ ஒட்டுமொத்த ரெப்போவில் இருந்து கட்டுவது: முழுவதையும் கட்டத்தான் வேண்டுமா?

#1 · மணல்வீடு

வணக்கம். எங்களுடையது சின்ன அலுவலகம். மருந்துக் கடைகளுக்கான பில்லிங் மென்பொருளை க்யூடி என்ற செயலி எழுதும் கருவித்தொகுப்பின் விட்ஜெட்ஸில் (பொத்தான், பெட்டி போன்ற திரைக்கூறுகள்) எழுதி விண்டோஸிலும் உபுண்டுவிலும் ஓட்டிக்கொண்டிருக்கிறோம். இப்போது ஒரு வாடிக்கையாளர் ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியில், சின்னத் தொடுதிரையோடு வேண்டும் என்கிறார். இதுவரை இன்ஸ்டாலர் வழியாக வந்த க்யூடியே போதுமாக இருந்தது. இனி மூன்று இடத்துக்கும் ஒரே மூலநிரலில் இருந்து நாங்களே கட்டிக்கொள்ளலாம் (கம்பைல் செய்துகொள்ளலாம்) என்று என் உபுண்டு மடிக்கணினியில் தொடங்கினேன். 8 ஜிபி ரேம்.

க்யூடி தளத்தில் இருந்து ‘க்யூடி5’ என்ற ரெப்போவை (மூலநிரல் களஞ்சியத்தை) கிட் கருவியால் குளோன் செய்தேன். பெயரில் 5 இருந்தாலும் 6-உம் அதில்தான் இருக்கிறதாம். 6.8-இன் ஒரு டேகுக்கு (பதிப்புக் குறிக்கு) மாறிவிட்டு உள்ளே பார்த்தால், க்யூடிபேஸ், க்யூடிடிக்ளரேட்டிவ் என்று வரிசையாக ஃபோல்டர்கள், எல்லாம் காலி. சரி என்று, உள்ளே இணைந்த ரெப்போக்களை இறக்கும் கிட்டின் சப்மாட்யூல் அப்டேட் கட்டளையை ரிகர்சிவாகக் கொடுத்தேன். இறங்கிக்கொண்டே இருந்தது. ஒரு வழியாக முடிந்து, கான்ஃபிகர் ஓடி, பில்டும் தொடங்கியது. வெப்எஞ்சின் என்ற பிரவுசர் தொகுதியின் பக்கம் போனதும் கணினி அப்படியே உறைந்துவிட்டது, மவுஸ்கூட நகரவில்லை.

கேட்க நினைப்பது இதுதான். இவ்வளவையும் கட்டத்தான் வேண்டுமா? வேண்டாம் என்றால் எதற்கு இப்படி ஒட்டுமொத்தமாக ஒரு ரெப்போ? க்யூடிபேஸை மட்டும் தனியாக குளோன் செய்துகொண்டால் ஆகாதா?

#2 · கொடிவேரி

வேண்டாம். முதலில் அந்த பில்ட் ஃபோல்டரை அழித்துவிடுங்கள்.

அந்த மேல் ரெப்போவில் க்யூடியின் நிரல் கிட்டத்தட்ட கிடையாது. எந்தத் தொகுதி எந்த கமிட்டில் (பதிவான மாற்றத்தில்) நிற்க வேண்டும் என்ற பட்டியல் இருக்கிறது. கூடவே, கட்டும் வேலையை நடத்தும் சிமேக் கருவிக்கான மேல்மட்டக் கோப்பு ஒன்று, கான்ஃபிகர் ஸ்கிரிப்ட், இனிட்-ரெப்பாசிட்டரி என்ற ஸ்கிரிப்ட். அவ்வளவுதான். தொகுதிகள் எல்லாம் தனித்தனி ரெப்போக்கள், தனித்தனி வரலாறு. பட்டியலை ஒரு பாட் அவ்வப்போது புதுப்பிக்கிறது: தொகுதிகளைச் சேர்த்துக் கட்டி, சோதனைகள் தேறினால்தான் புதிய கமிட் எண்கள் பட்டியலில் ஏறும். ஆக, அங்கே இருக்கும் ஒவ்வொரு கமிட்டும் ‘இந்தக் கூட்டணி ஒன்றோடொன்று ஒத்துப்போகிறது’ என்ற சான்று. உங்களுக்கு வேண்டியது அந்தச் சான்று. அதில் உள்ள எல்லாத் தொகுதியும் அல்ல.

கிட்டின் சப்மாட்யூல் கட்டளையை நேரடியாகக் கொடுத்ததுதான் இவ்வளவு இறங்கக் காரணம். ‘கிட்மாட்யூல்ஸ்’ கோப்பைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு தொகுதிக்கும் கீழே, இது எதையெல்லாம் கட்டாயம் நம்பியிருக்கிறது, எது இருந்தால் நல்லது, இது அவசியத் தொகுதியா, கூடுதலா, கைவிடப்பட்டதா என்றெல்லாம் எழுதியிருக்கும். கிட்டுக்கு அந்த வரிகள் புரியாது. இனிட்-ரெப்பாசிட்டரிதான் அவற்றைப் படித்து, கேட்டதையும் அது நம்பியிருப்பதையும் மட்டும் இறக்கும். முன்பு அது பெர்ல் ஸ்கிரிப்ட், இப்போது சிமேக்கில் எழுதியிருக்கிறார்கள். புதிய பதிப்புகளில் அதைத் தனியாக ஓட்டக்கூட வேண்டாம், கான்ஃபிகரிலேயே ‘இனிட் சப்மாட்யூல்ஸ்’ என்ற ஆப்ஷன் இருக்கிறது.

உங்கள் வேலைக்கு க்யூடிபேஸ் போதும். கோர், கூயி, விட்ஜெட்ஸ், நெட்வொர்க், எஸ்க்யூஎல், பிரிண்ட் சப்போர்ட் எல்லாமே அந்த ஒன்றுக்குள்தான். ஐகான்கள் எஸ்விஜியில் இருந்தால் க்யூடிஎஸ்விஜி சேர்த்துக்கொள்ளுங்கள். மூலநிரலுக்கு வெளியே காலி ஃபோல்டர் ஒன்று உருவாக்கி, அங்கிருந்து கான்ஃபிகரைக் கூப்பிடுங்கள்: சப்மாட்யூல்ஸ் ஆப்ஷனில் இந்த இரண்டு பெயர்கள், ரிலீஸ், எடுத்துக்காட்டுகளும் சோதனைகளும் வேண்டாம், நிறுவும் இடம் ‘ஆப்ட்’டுக்குக் கீழே ஏதாவது. அப்புறம் சிமேக் பில்ட், சிமேக் இன்ஸ்டால்.

நடுவில் ஒரு வேலை உண்டு, அதைத்தான் பலரும் தாண்டிப் போகிறார்கள். கான்ஃபிகர் முடிந்ததும் ‘கான்ஃபிக் சம்மரி’ கோப்பை உட்கார்ந்து படியுங்கள். எக்ஸ்சிபி (லினக்ஸ் டெஸ்க்டாப்பில் சாளரம் திறக்க உதவும் நூலகம்) ‘நோ’ என்று இருந்தால் பில்ட் தாராளமாக முடியும், ஆனால் உங்கள் செயலி டெஸ்க்டாப்பில் எழுந்திருக்காது. எக்ஸ்சிபி டெவலப்மென்ட் பேக்கேஜ்கள் இல்லை என்றால் கான்ஃபிகர் கூச்சல் போடாது, சத்தமில்லாமல் அந்த வசதியைக் கழற்றிவிட்டுப் போய்விடும். அது உங்களுக்குக் கட்டாயம் என்றால் எக்ஸ்சிபி ஆப்ஷனை வெளிப்படையாகக் கொடுங்கள். அப்போதுதான் கிடைக்காதபோது பிழை என்று நிற்கும். பாதுகாப்பான இணைப்புக்கான ஓபன்எஸ்எஸ்எல் நூலகத்தின் ஹெடர்களுக்கும் இதே கதைதான். அவை இல்லாமல் கட்டினால் பில்ட் பச்சையாக முடிந்து, எச்டிடிபிஎஸ் மட்டும் வேலை செய்யாது.

#3 · பனைமட்டை

இதற்குத்தான் எல்லாரும் க்யூடிக்குப் போட்டியான ஃப்ளட்டருக்குப் போகிறார்கள். 🙂

#4 · மணல்வீடு

கொடிவேரி அண்ணா, மிக்க நன்றி. நீங்கள் சொன்ன மாதிரி இரண்டே தொகுதிகளோடு போட்டேன். சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் முடிந்துவிட்டது! சம்மரியில் எக்ஸ்சிபி ‘எஸ்’. உபுண்டு பக்கம் சரி.

இப்போது விண்டோஸ். அங்கே நான் கட்ட நினைத்ததற்கு முக்கியக் காரணம், இன்ஸ்டாலரில் வந்த க்யூடி 6-இல் மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தோடு பேசும் டிரைவர் இல்லை. செயலியைத் திறந்தால் ‘டிரைவர் ஏற்றப்படவில்லை’ என்கிறது. க்யூடி 5-இல் இருந்தபோது இந்தப் பிரச்சினையே வரவில்லை. அங்கேயும் க்யூடிபேஸை இதே மாதிரி கட்டிவிட்டால் டிரைவர் வந்துவிடுமா?

#5 · சாம்பல்பூனை

ஒரு நிமிடம். டிரைவருக்காகவா முழு க்யூடியையும் கட்டப் போகிறீர்கள்? வேண்டாம் சார்.

டிரைவர் என்பது ஒரு பிளகின். க்யூடிபேஸின் மூலநிரலுக்குள் எஸ்க்யூஎல் டிரைவர்ஸ் என்ற ஃபோல்டர் இருக்கிறது. அதைத் தனி சிமேக் புராஜெக்ட்டாகவே கட்டலாம், ஆவணத்திலேயே அந்த வழி இருக்கிறது. இன்ஸ்டாலரை மறுபடி திறந்து, நீங்கள் வைத்திருக்கும் அதே பதிப்புக்கு ‘சோர்சஸ்’ என்ற பெட்டியை டிக் செய்யுங்கள். காலி ஃபோல்டரில் இருந்து ‘க்யூடி-சிமேக்’ கட்டளையை அந்த எஸ்க்யூஎல் டிரைவர்ஸ் ஃபோல்டர் மீது ஓட்டி, மைஎஸ்க்யூஎல் கிளையன்ட் நூலகம் எங்கே இருக்கிறது என்று சொல்லுங்கள். கிடைக்கும் டிஎல்எல்லை பிளகின்ஸ் ஃபோல்டருக்குள் நிறுவுங்கள். இரண்டு விஷயத்தில் கவனம்: உங்கள் க்யூடி எந்தக் கம்பைலரில் கட்டப்பட்டதோ அதே கம்பைலர்தான் பிளகினுக்கும். எம்எஸ்விசி க்யூடிக்கு மின்ஜிடபிள்யூ பிளகினைக் கொடுத்தால் ஏற்றிக்கொள்ளாது. அப்புறம், கிளையன்ட் நூலகத்தின் டிஎல்எல்லையும் எக்ஸ்இ பக்கத்தில் வையுங்கள். பாதிப் பேருக்கு ‘டிரைவர் ஏற்றப்படவில்லை’ வருவது பிளகின் இல்லாததால் அல்ல, பிளகின் தேடும் இந்த டிஎல்எல் இல்லாததால்தான்.

#6 · கொடிவேரி

பூனை சொன்னதே சரி. ஒன்று சேர்க்கிறேன்: மைஎஸ்க்யூஎல்லோடு ஒத்துப்போகும் மரியாடிபியின் கனெக்டர்-சி நூலகத்தை வைத்தும் இதே டிரைவரைக் கட்டலாம். அது எல்ஜிபிஎல் (மூடிய நிரலோடும் இணைக்க இடம் தரும் திறமூல உரிமம்). மைஎஸ்க்யூஎல்லின் கிளையன்ட் நூலகம் ஜிபிஎல் (இணைக்கும் நிரலையும் திறக்கக் கேட்கும் உரிமம்), திறமூல மென்பொருட்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. மூடிய நிரலை விற்கிற உங்களுக்கு முதலாவதுதான் நிம்மதி.

#7 · பனைமட்டை

மேலே சிரிப்போடு போட்டேன், இப்போது சிரிக்காமலே கேட்கிறேன். ஒரு ஃப்ரேம்வொர்க்கைக் கட்டுவதற்கு ‘எந்த ரெப்போவை எடுப்பது, எதை விடுவது, எந்த கமிட்டோடு எது போகும்’ என்று ஒருவர் ஆராய்ச்சி செய்ய வேண்டியிருப்பது வடிவமைப்புக் கோளாறு இல்லையா?

ஃப்ளட்டரிலும் இந்தத் தொல்லை இருந்தது. ஃப்ரேம்வொர்க் ஒரு ரெப்போ, எஞ்சின் இன்னொரு ரெப்போ. எஞ்சினில் ஒரு மாற்றம் போட்டால், அது ரோலர் பாட் வழியாக ஃப்ரேம்வொர்க்குக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு கோப்பில் எஞ்சினின் கமிட் எண் இருக்கும், பாட் அதை மாற்றும், சோதனை உடைந்தால் ரோல் நின்றுவிடும். இரண்டு பக்கமும் சேர்ந்து மாற வேண்டிய விஷயம் என்றால் முதலில் இங்கே புதிய வடிவத்தைச் சேர், பிறகு அங்கே அதற்கு மாறு, பிறகு திரும்ப வந்து பழையதை நீக்கு என்று படிப்படியாகப் போக வேண்டும். 2024 டிசம்பரில் எஞ்சினைக் கொண்டுபோய் ஃப்ளட்டரின் முதன்மை ரெப்போவுக்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள். இப்போது ஒரே கமிட்டில் இரண்டையும் மாற்றலாம். க்யூடிக்காரர்கள் ஏன் இன்னும் பட்டியலைப் பிடித்துக்கொண்டு இருக்கிறார்கள்?

#8 · பழையபடி

தம்பி, க்யூடியும் ஒரே ரெப்போவாக இருந்ததுதான்.

க்யூடி 4 காலத்தில் எல்லாம் ஒன்றாகத்தான் இருந்தது: கோர், கூயி, வெப்கிட் நகல், ஆவணம், எடுத்துக்காட்டுகள், எல்லாமே. நோக்கியா 2008-இல், க்யூடியை உருவாக்கிய ட்ரால்டெக்கை வாங்கியது. 2009-இல் 4.5 எல்ஜிபிஎல்லிலும் வந்தது, அதே ஆண்டு ரெப்போவையும் வெளியில் திறந்துவிட்டார்கள். 2011 அக்டோபரில் க்யூடி புராஜெக்ட் என்று திறந்த நிர்வாகம் வந்தது. அப்போதுதான் க்யூடி 5-க்காக உடைக்கும் வேலையும் நடந்துகொண்டிருந்தது. 2012 டிசம்பரில் 5.0 வந்தபோது தனித்தனித் தொகுதிகள், மேலே இந்தப் பட்டியல் ரெப்போ. அதனால்தான் அதன் பெயர் இன்றுவரை ‘க்யூடி5’. யாரும் மாற்றவில்லை, மாற்றினால் எத்தனை ஸ்கிரிப்ட் உடையும் என்று யாருக்குத் தெரியும்.

உடைத்ததற்கு என் கணக்கில் காரணம் இரண்டு. ஒன்று, வேகம். சீரியல் போர்ட் தொகுதியைத் திருத்துகிறவர் ஏன் பிரவுசர் எஞ்சினைக் கட்ட வேண்டும்? இரண்டாவது, பொறுப்பு. திறந்த நிர்வாகம் என்றால் ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு பராமரிப்பாளர் வேண்டும், அவர் ‘இது என் எல்லை’ என்று சொல்லிக்கொள்ள ஒரு கோடு வேண்டும். ரெப்போ அந்தக் கோடு.

ஆனால் கோட்டைக் கண்ட இடத்தில் போட்டுவிட்டார்கள் என்பதும் உண்மை. க்யூடி 6 வந்தபோது எக்ஸ்11 எக்ஸ்ட்ராஸ், வின் எக்ஸ்ட்ராஸ், மேக் எக்ஸ்ட்ராஸ் மூன்றையும் தனித் தொகுதிகளாக விடாமல், தேவையானதை க்யூடிபேஸுக்குள் இழுத்துக்கொண்டார்கள். குயிக் கன்ட்ரோல்ஸ் 6.2-இல் க்யூடிடிக்ளரேட்டிவுக்குள் போய்விட்டது. பனைமட்டை சொல்கிற அதே வேதனைதான் காரணமாக இருக்க வேண்டும்: எப்போதும் சேர்ந்தே மாறுகிற இரண்டை இரண்டு ரெப்போவில் வைத்தால், செய்கிறவர் கைதான் வலிக்கும்.

#9 · பனைமட்டை

அப்படியென்றால் நான் சொல்வதை நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள். எல்லாவற்றையும் சேர்த்துவிட்டால் முடிந்ததே?

#10 · கொடிவேரி

எல்லாவற்றையும் என்றால் வெப்எஞ்சினையும் சேர்த்தா? அதற்குள் குரோமியம் முழுசாக உட்கார்ந்திருக்கிறது, சப்மாட்யூலுக்குள் இன்னொரு சப்மாட்யூலாக. மணல்வீட்டின் மடிக்கணினி உறைந்ததும் அங்கேதான். ரேம் குறைவான கணினியில் அதைக் கட்ட வேண்டியிருந்தால் நிஞ்சா என்ற கட்டும் கருவிக்கு இணை வேலைகளின் எண்ணிக்கையை நீங்களே குறைத்துக் கொடுக்க வேண்டும். நிஞ்சா தானாக எல்லாக் கோர்களையும் பிடித்துக்கொள்ளும், நினைவகம் எவ்வளவு இருக்கிறது என்று யோசிக்காது. ஜம்போ பில்ட் என்ற ஏற்பாட்டையும் அணைக்கலாம். பல கோப்புகளை ஒன்றாக ஒட்டிக் கம்பைல் செய்வதால் நேரம் மிச்சம், ஆனால் ஒவ்வொரு வேலையும் ரேமைக் குடிக்கும்.

ஃப்ளட்டரும் எல்லாவற்றையும் சேர்க்கவில்லை என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். ஸ்கியா (வரைகலை நூலகம்) வெளியே, டார்ட் (நிரல்மொழி) வெளியே. எஞ்சினைக் கட்டப் போனால் குரோமியம்காரர்களின் டெப்போ டூல்ஸை இறக்கி, ஜிகிளையன்ட் ஓட்டி, ‘டெப்ஸ்’ கோப்பில் கமிட் எண் போட்டு வைத்திருக்கும் அத்தனையையும் இழுத்தால்தான் ஜிஎன்னும் நிஞ்சாவும் தொடங்கும். அந்த டெப்ஸ் கோப்பும் ஒரு பட்டியல்தானே? கோடு வேறு இடத்தில் விழுந்திருக்கிறது, அவ்வளவுதான். ஃப்ரேம்வொர்க்கும் எஞ்சினும் சேர்ந்தே மாறுகிறவை, அவற்றைச் சேர்த்தது சரி. ஸ்கியாவை குரோமும் பயன்படுத்துகிறது, அதை விழுங்க முடியாது.

க்யூடி பக்கம் ஒவ்வொரு தொகுதியிலும் ‘டிபென்டென்சிஸ்’ என்று ஒரு யாமல் கோப்பு இருக்கிறது. க்யூடிடிக்ளரேட்டிவ் தன்னுடைய கோப்பில், க்யூடிபேஸின் இந்த கமிட் வேண்டும் என்று எழுதி வைத்திருக்கும். மாற்றங்களைப் பரிசீலிக்கும் கெரிட் தளத்தில் ஒரு மாற்றம் உள்ளே போகும்முன் சிஐ (தானியங்கிச் சோதனை அமைப்பு) அந்த கமிட்டோடுதான் கட்டிச் சோதிக்கும். அதனால் க்யூடிபேஸில் யாரோ காலையில் எதையோ உடைத்தால், டிக்ளரேட்டிவில் வேலை செய்கிறவருக்கு மதியம் கை கட்டிப்போகாது. ஒரே ரெப்போவில் இந்த இடைவெளி கிடைக்காது. பதிலுக்கு, இரண்டையும் ஒரே கமிட்டில் மாற்றும் சுகம் இங்கே கிடைக்காது. எனக்கு எது உயர்ந்தது என்ற சண்டையில் ஆர்வம் இல்லை. வெளியில் இருந்து கட்டுகிறவருக்குச் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: தொகுதிகளைக் குறையுங்கள், ஆனால் பட்டியலில் உள்ள எண்களைத் தொடாதீர்கள். மணல்வீடு முதலில் கேட்டாரே, க்யூடிபேஸை மட்டும் தனியாக குளோன் செய்தால் ஆகாதா என்று. ஒரே தொகுதி என்றால் தாராளமாக ஆகும். நாளைக்கு எஸ்விஜி சேர்க்கும்போது அதை அன்றைய டெவ் கிளையில் இருந்து இழுப்பீர்கள், அங்கே தொடங்கும் தலைவலி. மேல் ரெப்போ வழியாகப் போனால் அந்த வாய்ப்பே இல்லை.

#11 · பனைமட்டை

டெப்ஸ் பாயிண்ட் சரி. ஆனாலும் புதிதாக வருகிறவருக்கு மூன்று வரியில் கட்ட முடியாத எதுவும் எனக்குப் பிடிக்காது. அதை மாற்றிக்கொள்ளப் போவதில்லை.

#12 · வரவுசெலவு

நிரல் பேசுகிறீர்கள், உரிமம் பற்றி ஒருவர் ஒரு வரி சொன்னதோடு சரி. மணல்வீடு, நீங்கள் பணத்துக்கு விற்கிறவர், ஆகவே கேளுங்கள்.

ஒரே ரெப்போவில் இருந்து இறங்குகிறது என்பதால் எல்லாத் தொகுதிக்கும் ஒரே உரிமம் என்று நினைத்துவிட வேண்டாம். க்யூடிபேஸ் எல்ஜிபிஎல் 3-இல் கிடைக்கிறது. 5.7-இல் இருந்தே பெரும்பாலான தொகுதிகள் 2.1-ஐ விட்டு 3-க்கு வந்துவிட்டன. ஆனால் சார்ட்ஸும் விர்ச்சுவல் கீபோர்டும் ஜிபிஎல் 3 அல்லது வணிக உரிமம், இரண்டில் ஒன்றுதான். நீங்கள் தொடுதிரை என்கிறீர்கள். திரையில் விசைப்பலகை வேண்டுமே என்று க்யூடிவிர்ச்சுவல்கீபோர்டை சப்மாட்யூல் வரிசையில் சேர்க்க ஒரு நொடி போதும். மூடிய நிரலோடு அதைக் கொடுத்தால் வாடிக்கையாளர் உங்களிடம் மூலநிரல் கேட்கலாம். முழு ரெப்போவையும் கட்டுகிறவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை, அதனாலும் குறைத்துக் கட்டுவது நல்லது. ஒவ்வொரு தொகுதியிலும் லைசென்சஸ் என்ற ஃபோல்டர் இருக்கிறது, ஒவ்வொரு கோப்பின் தலையிலும் எஸ்பிடிஎக்ஸ் வரி இருக்கிறது. பத்து நிமிட வேலை.

சொந்தமாகக் கட்டினாலும் ஷேர்டு லைப்ரரியாகவே கட்டுங்கள். ஸ்டாட்டிக் என்றால் ‘ஒரே எக்ஸ்இ, அழகாக இருக்கிறது’ என்று பலர் போகிறார்கள். எல்ஜிபிஎல்லில் வாடிக்கையாளர் க்யூடியை மாற்றி மறுபடி இணைத்துக்கொள்ள வழி இருக்க வேண்டும். அதற்கு உங்கள் ஆப்ஜெக்ட் கோப்புகளைக் கொடுக்க வேண்டியிருக்கும். க்யூடியிலேயே ஏதாவது திருத்தினால், அந்தத் திருத்திய மூலநிரலையும் கேட்டால் கொடுக்க வேண்டும்.

#13 · மணல்வீடு

விர்ச்சுவல் கீபோர்டை வரிசையில் சேர்த்துதான் வைத்திருந்தேன், எடுத்துவிட்டேன். எண்கள் மட்டும் உள்ள விசைப்பலகையை விட்ஜெட்டிலேயே எழுதிக்கொள்கிறோம், பில்லுக்கு அதுவே போதும்.

விண்டோஸில் பூனை சொன்ன வழி, மரியாடிபி கனெக்டர், டிரைவர் ஏறிவிட்டது.

ராஸ்பெர்ரி பைதான் படுத்துகிறது. உபுண்டுவிலேயே பைக்காக கிராஸ் கம்பைல் செய்து, எக்ஸ் என்ற சாளர அமைப்பு இல்லாமல், நேரே திரையில் வரையும் இஜிஎல்எஃப்எஸ்ஸில் ஓட்டுகிறேன். திரை வருகிறது, பொத்தான்கள் வருகின்றன, எழுத்து மட்டும் ஒன்றுகூட இல்லை. டெர்மினலில், எழுத்துரு ஃபோல்டரைக் காணோம், க்யூடி இப்போது எழுத்துருக்களைத் தன்னோடு தருவதில்லை என்று ஓர் எச்சரிக்கை. பையில் தமிழ் எழுத்துருக்களை ஏற்கெனவே நிறுவியிருக்கிறேன்.

#14 · தறிக்காரி

எழுத்துரு பையில் இருந்தால் மட்டும் போதாது. கட்டும்போது உங்கள் சிஸ்ரூட்டில் (பையின் கோப்புகளின் நகலில்) ஃபான்ட்கான்ஃபிக் (எழுத்துரு தேடும் நூலகம்) இருந்ததா? சம்மரியில் பாருங்கள், ‘நோ’ என்று இருக்கும். ஃபான்ட்கான்ஃபிக் இல்லாமல் கட்டப்பட்ட க்யூடிக்குக் கணினியின் எழுத்துருக்கள் எங்கே என்று தெரியாது. தான் நிறுவப்பட்ட இடத்தில் லிப் ஃபோல்டருக்குக் கீழே ஃபான்ட்ஸ் என்று இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். அவசரத்துக்கு அங்கே ஒரு எழுத்துருக் கோப்பைப் போட்டால் எழுத்து வந்துவிடும். ஆனால் சரியான வழி, பையில் ஃபான்ட்கான்ஃபிக், ஃப்ரீடைப் இரண்டின் டெவலப்மென்ட் பேக்கேஜ்களை நிறுவி, சிஸ்ரூட்டை மறுபடி ஒத்திசைத்து, புதிய பில்ட் ஃபோல்டரில் கான்ஃபிகர் செய்வது. பழைய ஃபோல்டரில் செய்தால் ‘இல்லை’ என்ற முடிவை சிமேக் கேஷ் அப்படியே பிடித்துக்கொண்டிருக்கும். தொடுதிரைக்கு லிபின்புட்டும் இதே சமயத்தில் சேர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த பதிவு ‘தொட்டால் வேலை செய்யவில்லை’ என்று வரும்.

தமிழுக்கு இன்னும் இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும். ஹார்ஃப்பஸ். ‘கொ’ என்பதில் ஒற்றைக் கொம்பு முன்னால் போய், கால் பின்னால் நிற்க வேண்டும். அந்த அடுக்கும் வேலையை லினக்ஸில் க்யூடிக்குச் செய்து தருவது ஹார்ஃப்பஸ்தான். க்யூடியோடு அதன் நகல் ஒன்று வருகிறது, அதனால் சாதாரணமாக யோசிக்கவே வேண்டாம். ஆனால் சின்னக் கருவிக்காக அளவைக் குறைக்கிறேன் என்று வசதிகளை ஒவ்வொன்றாக அணைக்கிறவர்கள் இதையும் அணைத்துவிடுவார்கள். ஆங்கிலத்தில் எந்த வித்தியாசமும் தெரியாது. சோதனை ஆங்கிலத்தில் முடிந்து, கடைக்குப் போன பிறகு தமிழ் உடைந்து கிடக்கும்.

இன்னொன்று ஐசியு, மொழிவாரி வரிசை போன்றவற்றுக்கான நூலகம். வாடிக்கையாளர் பெயர்களை அகரவரிசையில் காட்டுகிறீர்களா? வரிசைப்படுத்தும் க்யூகொலேட்டர், ஐசியு இருந்தால் அதைப் பயன்படுத்தும், இல்லை என்றால் கணினியின் லோகேலை நம்பும். பையில் தமிழ் லோகேல் உருவாக்கப்பட்டிருக்காது. அப்போது உபுண்டுவில் ஒரு வரிசை, பையில் வேறு வரிசை. மூன்று தளத்துக்கும் ஒரே மூலநிரல் என்றுதானே தொடங்கினீர்கள்? ஒரே மூலநிரலாக இருந்தாலும் சம்மரி மூன்று இடத்திலும் வேறு என்றால் கிடைப்பது மூன்று வேறு க்யூடி. மூன்று சம்மரிகளையும் பக்கத்தில் வைத்து டிஃப் போட்டுப் பாருங்கள். எங்கள் குழுவில் அந்த மூன்று கோப்புகளையும் ரெப்போவிலேயே வைத்திருக்கிறோம். பில்ட் சர்வரில் ஏதாவது ஒரு வரி மாறினால் அங்கேயே நிறுத்திவிடும்.

அப்புறம் கிராஸ் கம்பைலுக்கு ஹோஸ்ட் பாத் கொடுத்திருப்பீர்கள், இல்லை என்றால் இவ்வளவு தூரம் வந்திருக்க முடியாது. கட்டும்போதே ஓடும் க்யூடி கருவிகளான மாக், யுஐசி, ஆர்சிசி மூன்றும் உங்கள் மடிக்கணினியில் ஓட வேண்டியவை, பைக்காகக் கட்டியவை அங்கே ஓடாது. அதனால்தான் முதலில் ஹோஸ்ட் க்யூடி. அது பைக்குக் கட்டும் அதே பதிப்பாக இருக்கட்டும். பின்னால் குயிக் (க்யூஎம்எல் மொழியில் திரை எழுதும் க்யூடி பகுதி) பக்கம் போனால், ஹோஸ்டிலும் க்யூடிஷேடர்டூல்ஸ், க்யூடிடிக்ளரேட்டிவ் இரண்டும் வேண்டும். க்யூஎம்எல்லையும் ஷேடர்களையும் முன்கூட்டியே கம்பைல் செய்கிற கருவிகள் அவற்றில்தான் இருக்கின்றன.

#15 · பழையபடி

வெப்அசெம்ப்ளிக்குக் கட்டுகிறவர்களும் இதைப் படித்து வைத்துக்கொள்ளுங்கள். பிரவுசருக்குள் கணினியின் எழுத்துருக்கள் க்யூடிக்குக் கிடைக்காது. தமிழ் எழுத்துருவை நீங்களே ரிசோர்ஸாகச் சேர்க்காவிட்டால் வரிசையாகக் கட்டங்கள்தான்.

#16 · மணல்வீடு

அக்கா, அதேதான். ஃபான்ட்கான்ஃபிக் ‘நோ’, ஐசியு ‘நோ’. சிஸ்ரூட்டை மறுபடி எடுத்துப் புதிதாகக் கட்டினேன், தமிழ் அழகாக வருகிறது. வரிசையும் ஒத்துப்போகிறது.

கடைசியாக ஒன்று. பிரிண்ட் சப்போர்ட்டில் எங்களுக்கு ஒரு சின்னத் திருத்தம் வேண்டும், ரோல் பேப்பர் அளவு தொடர்பாக. ஏழெட்டு வரிதான். அதை எங்கே வைப்பது? க்யூடிபேஸை ஃபோர்க் செய்து (எங்களுக்கென்று தனி நகல் எடுத்து), மேல் ரெப்போவையும் ஃபோர்க் செய்து, பட்டியலில் எங்கள் கமிட்டைப் போடலாமா?

#17 · கொடிவேரி

செய்யலாம், செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஏழெட்டு வரிக்கு இரண்டு ஃபோர்க் பராமரிப்பது வேண்டாம் என்பேன். உங்கள் செயலியின் ரெப்போவிலேயே பேட்சஸ் என்று ஒரு ஃபோல்டர், அதில் அந்தத் திருத்தத்தை மட்டும் வைத்திருக்கும் பேட்ச் கோப்பு. பில்ட் ஸ்கிரிப்ட் மேல் ரெப்போவின் டேகுக்குப் போய், தொகுதிகளை இறக்கி, பேட்சைப் பூசி, கட்டும். அடுத்த பதிப்புக்குத் தாவும்போது பேட்ச் ஒட்டாவிட்டால் ஸ்கிரிப்ட் அங்கேயே நின்று காட்டிக்கொடுக்கும். லினக்ஸ் டிஸ்ட்ரோக்களில் பேக்கேஜ் செய்கிறவர்களும் இந்த வழியில்தான் பேட்ச் வைத்திருக்கிறார்கள். வரவுசெலவு சொன்ன உரிமக் கடமைக்கும் இதுவே வசதி, யாராவது கேட்டால் டேகின் பெயரையும் பேட்சையும் சேர்த்துக் கொடுக்கலாம்.

#18 · தறிக்காரி

இதில் கொடிவேரி சாரோடு நான் ஒத்துப்போகவில்லை. ஒரு பேட்ச் என்றால் சரி. அது ஒன்றோடு நிற்பதே இல்லை. நாலைந்து ஆனதும் பேட்சின் மேல் பேட்ச் வரும், வரிசை மாறினால் ஒட்டாது, யார் எதற்குப் போட்டார்கள் என்று பிளேம் போட்டுப் பார்க்கவும் முடியாது. ஃபோர்க் வைத்தால் ரீபேஸ் ஒரு கட்டளை, வரலாறு கையில் இருக்கும், எந்த மாற்றம் உடைத்தது என்று பைசெக்ட் செய்யலாம். மேல் ரெப்போவை ஃபோர்க் செய்யவே வேண்டாம், தொகுதிகள் இறங்கிய பிறகு க்யூடிபேஸில் மட்டும் உங்கள் ரிமோட்டைச் சேர்த்து அந்தக் கிளைக்கு மாறினால் போதும்.

எந்த வழியில் போனாலும் கெரிட்டில் கணக்குத் தொடங்கி அந்தத் திருத்தத்தை மேலே அனுப்பிப் பாருங்கள். ரோல் பேப்பர் தொல்லை உங்களுக்கு மட்டும் இருக்காது. டெவ் கிளைக்கு அனுப்பி, கமிட் செய்தியின் அடியில் ‘பிக் டு’ என்று எந்தக் கிளைகளுக்கு வேண்டும் எனக் குறித்தால், ஏற்றுக்கொண்டதும் பாட்டே அங்கெல்லாம் எடுத்துப் போகும். ஆனால் 6.8 நீண்டகால ஆதரவுப் பதிப்பு, அதன் பிந்தைய திருத்தங்கள் முதலில் வணிக உரிமக்காரர்களுக்குத்தான். 2021 ஜனவரியில் 5.15-ஐ மூடியதில் இருந்து இதுதான் நடைமுறை. அதனால் உங்கள் திருத்தத்தோடு வரும் பொது வெளியீடு பெரும்பாலும் அடுத்த பதிப்பாக இருக்கும். அதுவரை பேட்சோ ஃபோர்க்கோ கூடவே வரும்.

#19 · கொடிவேரி

நாலைந்து பேட்ச் ஆனால் நானும் ஃபோர்க்குக்குத்தான் போவேன். ஏழெட்டு வரிக்கு என் பதில் மாறாது.

#20 · மணல்வீடு

இப்போதைக்கு பேட்ச் கோப்பு, கெரிட்டிலும் போடுகிறேன்.

அந்த பேட்ச் விண்டோஸிலும் வேண்டும் என்பதால் அங்கேயும் க்யூடிபேஸைக் கட்ட வேண்டியதாகிவிட்டது. குளோன் செய்ததை டாக்குமென்ட்ஸுக்குள், புராஜெக்ட் ஃபோல்டருக்குள் வைத்திருக்கிறேன். பாதியில் ‘கோப்பைத் திறக்க முடியவில்லை’ என்று நிற்கிறது. கோப்பு அங்கேயேதான் இருக்கிறது!

#21 · சாம்பல்பூனை

பாதையின் நீளம். விண்டோஸில் 260 எழுத்து வரம்பு இன்னும் பல கருவிகளில் உயிரோடு இருக்கிறது, பில்ட் ஃபோல்டருக்குள் சிமேக் உருவாக்கும் பெயர்கள் நீளமானவை. சி டிரைவின் வேரிலேயே இரண்டு எழுத்தில் ஒரு ஃபோல்டர் போட்டு, மூலநிரலையும் பில்டையும் அங்கே மாற்றி, கான்ஃபிகரில் இருந்து மறுபடி தொடங்குங்கள். மைஎஸ்க்யூஎல் பிளகினையும் இந்தப் புதிய க்யூடியோடு சேர்த்தே கட்டிவிடுங்கள், கான்ஃபிகருக்கு மரியாடிபி கனெக்டரின் இடத்தைச் சொன்னால் போதும்.